அசல் கொண்டு வந்தீர்களா, பாட்டி?

மலேசியாவில், செமினியிலிருந்து புரோகாவுக்குப் போகும் வழியில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மணிக்கூண்டு தெரியும். இங்கிலாந்தில் உள்ள தாய்ப் பல்கலைக்கழகத்தின் டிரென்ட் கட்டடத்தைப் பார்த்துக் கட்டியது. 2005-இல் இந்த இடத்துக்குக் குடிவந்தார்கள். நகல்தான், ஆனால் நகல் என்று ஒளிக்காமல் சொல்லிக்கொள்கிற நகல். எந்தப் பல்கலைக்கழக நூலகத்திலும் நடப்பதுபோல அங்கேயும் புதுப் பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே ஒரு பாடம் உண்டு. சம்பவம் நடந்த காலத்தில் அதோடு தொடர்புள்ளவர்கள் விட்டுப்போனது முதல்நிலைச் சான்று: கல்வெட்டு, கடிதம், நாட்குறிப்பு, சம்பளப் பதிவேடு, நீதிமன்ற வாக்குமூலம். அவற்றை வைத்துப் பின்னால் ஒருவர் ஆராய்ந்து எழுதியது இரண்டாம்நிலை. எல்லாவற்றையும் சுருக்கித் தொகுத்த கலைக்களஞ்சியமும் பாடநூலும் மூன்றாம்நிலை. அரை மணி நேரத்தில் முடிகிற பாடம்.

வேலிக்கு வெளியே, நம் சமூகத்தில், வேறு பாடத்திட்டம் ஓடுகிறது. அதில் முதல்நிலைச் சான்று என்றால் காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூப் படத்தோடு வந்து விழும் வாட்ஸ்அப் செய்தி. கடைசி வரியில் 'உண்மைத் தமிழனாக இருந்தால் பகிரவும்' என்று இருந்தால் அது அறிஞர் குழு மதிப்பிட்டது என்று அர்த்தம். அதே செய்தியை டத்தோ பட்டம் வாங்கிய ஒருவர் மேடையேறிச் சொன்னால் இரண்டாம்நிலைச் சான்று. டத்தோ சொன்னதை மாநாட்டு மலரில் அச்சடித்தால் மூன்றாம்நிலை. அச்சில் வந்துவிட்டதால் மறு வருஷம் ஒருவர் அதை அடிக்குறிப்பில் போடுவார். அடிக்குறிப்பு இருப்பதால் அது ஆய்வு. ஆய்வாகிவிட்டதால் மறுபடியும் வாட்ஸ்அப்பில் வரும், இந்தத் தடவை 'ஆய்வாளர்கள் நிரூபித்துவிட்டார்கள்' என்ற பட்டுக்குஞ்சத்தோடு.

திருநள்ளாற்றுக்கு மேலே செயற்கைக்கோள்கள் மூன்று வினாடி நின்றுவிட்டுப் போகின்றனவாம், நாசாவே அசந்துபோனதாம். பூமியைச் சுற்றிப் பறக்கிற செயற்கைக்கோள் நின்றால் கீழே விழும் என்பது பள்ளிக்கூடப் பௌதிகம். இதைப் பகிர்கிறவர்கள் பள்ளிக்கூடம் போகாதவர்கள் என்றால் நான் வாயே திறக்கமாட்டேன். எஞ்சினியர்கள் பகிர்கிறார்கள். டாக்டர்கள் கும்பிடும் கைப்படம் போட்டுப் பகிர்கிறார்கள். கிளினிக்கில் நோயாளியிடம் இரத்தப் பரிசோதனை முடிவு கேட்காமல் மாத்திரை எழுதாத அதே டாக்டர்கள்.

2025-இல் உள்ளூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், பழைய ரோமானியர்கள் மலாய்க்காரர்களிடம்தான் கப்பல் கட்டக் கற்றுக்கொண்டார்கள் என்று பேசிய காணொளி நாடெங்கும் சுற்றியது. நாம் சிரித்தோம். மாமாக் கடைகளில் தே தாரேக் ஆறிப்போகும்வரை சிரித்தோம். ஆதாரம் எங்கே, எந்த ஏட்டில் இருக்கிறது, எந்த ரோமானியன் எழுதிவைத்தான் என்று வழக்கறிஞர்கள் மாதிரிக் குறுக்கு விசாரணை செய்தோம். 2012-இல் பேராசிரியர் கூ கே கிம், ஹங் துவா என்ற மலாய் வீரன் வரலாற்றில் இருந்ததற்குச் சான்று கிடையாது என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டபோதும் நமக்குக் குஷி. ஆளுக்கு முதுகெலும்பு இருக்கிறது என்று மெச்சினோம். அவர் அதே கேள்வியோடு நம் பக்கம் திரும்பி, குமரிக்கண்டத்தில் ஏழு தெங்க நாடு எந்தத் தெருவில் இருந்தது என்று கேட்டிருந்தால் அவருக்கு முதுகெலும்பு இருக்கிறதா என்பதை வேறு வழியில் சோதித்திருப்போம்.

இத்தனைக்கும், சான்று என்றால் என்ன என்று நமக்குக் காட்டிக்கொடுக்க ஆளில்லாமல் போகவில்லை. தனிநாயகம் அடிகள் 1961-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்கு வந்தார். வருமுன்பே ஐரோப்பிய நூலகங்களில் தூசி தட்டியவர். அந்தாவோ டி ப்ரொயென்சா என்ற பாதிரியார் தொகுத்து, அவர் இறந்தபிறகு 1679-இல் அச்சான தமிழ்-போர்த்துகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் தேடி எடுத்தார். எடுத்ததைச் சொல்லி மாலை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர் அந்த நூலை மூலத்தில் இருந்தபடியே ஒளிநகலாக 1966-இல் கோலாலம்பூரிலிருந்து பதிப்பித்தார். சந்தேகம் இருக்கிறவர் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். அதே 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு இதே ஊரில் கூடியது. துங்கு அப்துல் ரஹ்மான் தொடங்கிவைத்தார்.

இன்றைக்கும் தமிழ் மாநாடுகளில் அடிகளாரின் படத்துக்கு மாலை போடுகிறோம். மாலை போட்ட கையோடு, படத்துக்குக் கீழேயே நின்று வாட்ஸ்அப் செய்தியை வாசிக்கிறோம். எந்த மாநாடு என்று கேட்காதீர்கள். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் மண்டபம் வாடகைக்குக் கிடைக்கும்வரை இது நடக்கும். ஒன்பது மணிக்குப் பதிவு. பத்தரைக்கு டத்தோ வந்துகொண்டிருக்கிறார். பதினொன்றுக்கும் டத்தோ வந்துகொண்டிருக்கிறார். இடையில் பிள்ளைகள் இரண்டு நடனம் ஆடி, வியர்வையோடு உட்கார்ந்திருப்பார்கள். டத்தோ வந்து, குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, போர்த்தியவருக்கு வேறொருவர் போர்த்தி முடிக்கச் சாப்பாட்டு வாசம் வந்துவிடும். எங்கிருந்தோ கடன் வாங்கி விமானம் ஏறி வந்த ஆய்வாளருக்கு ஏழு நிமிஷம். நாலாவது நிமிஷத்தில் தலைவர் மணி அடிப்பார். அவரும், 'நேரமின்மையால் முடிவுரையை மட்டும் வாசிக்கிறேன்' என்பார். முன்னுரை இல்லை, சான்று இல்லை, விவாதம் இல்லை, முடிவுரை மட்டும். உண்மையில் அதுதான் அந்தக் கட்டுரையின் நேர்மையான வடிவம், ஏனென்றால் எழுதும்போதும் அவர் முடிவுரையில்தான் ஆரம்பித்தார்.

கேள்வி நேரம் பிரியாணியில் கரைந்துபோகும். சான்றிதழ் மட்டும் மறக்காமல் கிடைக்கும். கட்டணம் கட்டிய எல்லாருக்கும். கட்டுரை வாசிக்காதவருக்கும்.

இதை ஏழை வீட்டுக் கூத்து என்று மூக்கைச் சுளிக்கிற, ஆங்கிலத்தில் எழுதுகிற பேராசிரியர்களும் கொஞ்சம் உட்கார வேண்டும். அவர்கள் கடை இன்னும் பெரியது. ஏழு நாளில் பிரசுரம், ஸ்கோப்பஸ் பட்டியலில் இடம் உத்தரவாதம், கட்டணம் டாலரில் என்று மின்னஞ்சலில் வரும் அழைப்புகள் அவர்களுக்கும் வருகின்றன. பதவி உயர்வுக்குக் கேபிஐ என்ற செயல்திறன் குறி, கேபிஐக்குக் கட்டுரை எண்ணிக்கை, எண்ணிக்கைக்குக் கடன் அட்டை. இப்படிக் காசு வாங்கிக்கொண்டு எதையும் போடுகிற ஆய்விதழ்களைக் கொள்ளை இதழ்கள் என்று பெயரிட்டுப் பட்டியல் போட்டவர் ஜெஃப்ரி பீல், அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழக நூலகராக இருந்தவர். அவருடைய பட்டியல் 2017 ஜனவரியில் இணையத்திலிருந்து காணாமல் போனது. கொள்ளை இதழ்கள் காணாமல் போகவில்லை.

2013-இல் ஜான் பொஹானன் என்ற செய்தியாளர் வேண்டுமென்றே தப்பும் தவறுமாக ஒரு மருத்துவக் கட்டுரையைத் தயாரித்து, இல்லாத ஆய்வாளர் பெயரில், இல்லாத கல்லூரியின் முகவரியில், 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. மறு வருஷம் ஆஸ்திரேலியாவில் பீட்டர் வாம்ப்ளு என்ற கணினிப் பேராசிரியர், தொல்லை பொறுக்காமல், 'உங்கள் அஞ்சல் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துத் தொலையுங்கள்' என்ற பொருளில், கெட்ட வார்த்தை சேர்த்து, ஒரே வாக்கியத்தைப் பத்துப் பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப அடித்த ஒரு பழைய 'கட்டுரையை' ஓர் இதழுக்கு அனுப்பிவைத்தார். மதிப்பீட்டாளர் 'மிகச் சிறப்பு' என்று குறித்தார். 150 டாலர் கட்டினால் போட்டுவிடுகிறோம் என்று பதில் வந்தது. அவர் கட்டவில்லை. கட்டியிருந்தால் இன்றைக்கு யாராவது அதை மேற்கோள் காட்டியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவே 'அங்கீகரிக்கப்பட்ட இதழ்கள்' என்று பட்டியல் போட்டு, 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அந்த 4,305-இல் வெளியான கட்டுரைகளைக் காட்டி வேலையும் பதவியும் வாங்கியவர்கள் இருப்பார்களே, அவர்களையும் நீக்கினார்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் இருந்தவர்கள் பலர் அதே ஏணியில் ஏறியவர்கள்.

சரி, தரமான இதழ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? 2016-இல் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்றின் கட்டுரையில் ஒரே உயிரணுப் படத்தை வெட்டி, திருப்பி, வேறு வேறு சோதனை மாதிரி ஒட்டியிருந்தது அம்பலமானது. வெளியிட்டது நேச்சர் குழுமத்தின் இதழ். மதிப்பீட்டாளர்கள் பார்த்து அனுப்பிய கட்டுரை. கண்டுபிடித்தவர்கள் ட்விட்டரில் சும்மா உட்கார்ந்திருந்த வாசகர்கள். பல்கலைக்கழகம் விசாரித்துத் தப்பை ஒப்புக்கொண்டது, கட்டுரைகளைத் திரும்பப் பெறச் சொன்னது. அதுவாவது நடந்தது. நம் மாநாட்டு மலர்களில் இதுவரை ஏதாவது ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டதாக யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பொன்னாடையையே திரும்பக் கேட்கிற வழக்கம் நம்மிடம் இல்லை.

இப்போது புது அவதாரம் ஒன்று வந்திருக்கிறது. கணினியிடம் கேட்டால் அது எழுதியும் கொடுக்கிறது, பக்க எண்ணோடு நூற்பட்டியலும் போட்டுக் கொடுக்கிறது. ஆசிரியர் பெயர் பொருத்தமாக இருக்கும், பதிப்பகம் நிஜமாக இருக்கும், நூல் மட்டும் பிறந்தே இருக்காது. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் இப்படி நடக்காத வழக்குகளின் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் ஆட்கள் சொல்லிவைத்தார்கள். ஏடே இல்லாத சுரைக்காய் வருமென்று அவர்கள் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

இதையெல்லாம் சொன்னால் ஒருவர் எழுந்து நிற்பார்: 'ஐயா, எங்களிடம் முதல்நிலைச் சான்றே இருக்கிறது. கடாரம்! கல்வெட்டு!' இருக்கிறது, மறுக்கவில்லை. ராஜேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டின் மெய்க்கீர்த்தி சொல்கிறது. கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனையும் யானைகளையும் பிடித்தது, குவித்துவைத்த செல்வத்தையும் வித்யாதர தோரணத்தையும் கைப்பற்றியது, பிறகு ஊர்ப்பெயர் வரிசை. மெய்க்கீர்த்தி என்பது அரசனே தன்னைப் பற்றி வெட்டவைத்துக்கொண்டது. முதல்நிலைச் சான்றுதான், ஆனால் தேர்தல் அறிக்கையும் முதல்நிலைச் சான்றுதான். அதிலேயேகூட அங்கே உட்கார்ந்து ஆண்டதாக ஒரு வார்த்தை இல்லை. அந்த வரிசையில் வரும் ஸ்ரீவிஜயம் ஓர் அரசின் பெயர் என்பதை ஜார்ஜ் சேடே என்ற பிரெஞ்சுக்காரர் 1918-இல் கல்வெட்டுகளையும் சீனக் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நிறுவினார். ஒரு பெயருக்கு அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது. நம் வாட்ஸ்அப் சோழனோ ஒரே மூச்சில் தென்கிழக்கு ஆசியா முழுவதையும் நூறு வருஷம் ஆண்டுவிட்டு, வழியில் கம்போடியாவில் கோயிலும் கட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறான்.

அந்தக் கடாரத்தின் மண்ணில், பூஜாங் பள்ளத்தாக்கில், சண்டி 11 என்று எண் போட்ட பழைய செங்கல் கோயிலின் எச்சத்தை வீட்டு மேம்பாட்டுக்காக இடித்துத் தரைமட்டமாக்கியது 2013 டிசம்பரில் வெளியே தெரிந்தது. முதல்நிலைச் சான்று என்றால் அதுதான்: செங்கல், அஸ்திவாரம். இரண்டு வாரம் கொதித்தோம். பிறகு பொங்கல் வந்துவிட்டது.

அரசன் பொய் சொல்வான், அதைப் படிக்கத் தெரிய வேண்டும். அதிகாரியும் பொய் சொல்வான். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்வோம். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற சம்பளம் எங்களுக்கும் வேண்டும், கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு கொடு, எங்கள் பெண்கள் மேல் கை வைக்காதே. இவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். ஒரு மனிதன் தன் சொந்த சைக்கிளில் உட்கார்ந்தபடி இன்னொரு மனிதனைக் கடந்து போவதற்கு வேலைநிறுத்தம் செய்யவேண்டியிருந்தது. தலைமை தாங்கிய ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். துருப்புகள் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள்.

இந்தச் சம்பவத்துக்குக் காலனிய அலுவலகக் கோப்புகள் லண்டனில் இருக்கின்றன. அவை முதல்நிலைச் சான்றுகள். எழுதியவர்கள் சுட உத்தரவு போட்ட தரப்பு. 'கிளர்ச்சிக்காரர்கள் தூண்டிவிட்டார்கள்' என்று அந்தத் தரப்பு எழுதியதை அப்படியே எடுத்து ஆய்வேட்டில் போட்டு, 'முதல்நிலைச் சான்று காட்டியிருக்கிறேன்' என்று நெஞ்சை நிமிர்த்துகிற ஆட்களும் இருக்கிறார்கள். பதிவேட்டில் யார் கை பேனா பிடித்தது, யார் முதுகு பிரம்படி வாங்கியது என்று கேட்காதவருக்கு வாட்ஸ்அப்பே போதும். காப்பகத்துக்குப் போகிற டிக்கெட் செலவாவது மிச்சம்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

சயாம்-பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942-லிருந்து 1943 அக்டோபர்வரை ஜப்பானியர் போட்டது. அதில் வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர், செத்தவர்கள் 12,000-க்கு மேல். அவர்களுக்குக் காஞ்சனாபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள், புல் வெட்டிச் சீராக, பெயரும் படைப்பிரிவும் வயதும் பொறித்துக் கிடக்கின்றன. அவர்களிடம் பட்டியல் இருந்தது. அவர்களிடம் அதிகாரிகள் இருந்தார்கள், முகாமில் ஒளித்து ஒளித்து நாட்குறிப்பு எழுதிய டன்லப் போன்ற டாக்டர்கள் இருந்தார்கள். நம் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போனவர்கள்? ஆசியத் தொழிலாளர்கள் எல்லாரையும் சேர்த்துச் செத்தவர்கள் 90,000 என்று ஒரு மதிப்பீடு. கூட்டிச் சொல்கிறவரும் உண்டு, குறைத்துச் சொல்கிறவரும் உண்டு. அதில் தமிழர் எத்தனை என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஒரு மதிப்பீட்டுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் பல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், போகிறார்கள். செத்தும் கணக்கில் ஒழுங்காகச் சாகக் கொடுத்துவைக்காதவர்கள்.

அவர்களுக்காக ரெ. சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார். அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' எழுதினார். நாவல் முதல்நிலைச் சான்றா என்று நூலகர் கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். போய்த் திரும்பி வந்தவர்கள் உயிரோடு இருந்தபோது, ஒலிநாடா வாங்கக் காசும் சங்கங்களும் தலைவர்களும் நம்மிடம் இருந்தபோது, தோட்டம் தோட்டமாகப் போய் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, 'பெயர் என்ன, எந்தத் தோட்டம், எந்த லயம், யார் கூட வந்தது, யார் திரும்பவில்லை' என்று கேட்டு எழுதியிருந்தால் அது முதல்நிலைச் சான்று. ஒரு சிலர் தங்கள் சொந்தப் பணத்தில் செய்தார்கள். சமூகம் என்று மைக் பிடித்துச் சொல்கிற சமூகம் அந்த வருஷங்களில் எதற்கு வசூல் செய்தது என்று ரசீதுப் புத்தகங்களைப் பார்த்தால் தெரியும். ரசீதுப் புத்தகங்களும் இருக்காது.

நம் ஆட்களுக்குச் சான்றின் வகை பிரிக்கத் தெரியாது என்று சொல்வது அபாண்டம். நிலம் வாங்கும்போது தெரியும். கிராண்ட் அசலா, பெயர் சரியா, பிணையம் கிடக்கிறதா என்று நில அலுவலகத்தில் போய்ப் பார்க்காமல் எவரும் முன்பணம் கொடுப்பதில்லை. நகை அடகு வைக்கும்போது தெரியும். சம்பந்தி வீட்டு மாப்பிள்ளை டாக்டர் என்றால் எந்தக் கல்லூரி, அது அங்கீகாரம் பெற்றதா என்று மூன்று தலைமுறைக்கு விசாரிக்கத் தெரியும். வரலாறு என்று வந்ததும் மட்டும் நாம் எல்லாரும் கைக்குழந்தைகள்.

அரசாங்கத்துக்கும் தெரியும். எங்கே தெரியும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அடையாளக் கார்டு விண்ணப்பிக்கும் முகப்பில் ஒரு காலை நேரம் நின்றால் போதும். எண் கூப்பிடுவார்கள். ஒரு பாட்டி எழுந்து வருவார். தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பால் வெட்டி, களையெடுத்து, ஐம்பது வருஷம் இந்த மண்ணுக்கு உழைத்துவிட்டு இன்னமும் குடியுரிமை இல்லாத சிவப்புக் கார்டு. பக்கத்தில் பேத்தி, கையில் பிளாஸ்டிக் பை. பையில் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டின் கிழிந்த பாதி, தடுப்பூசி அட்டை, கோயில் தலைவர் கொடுத்த கடிதம், சத்தியப் பிரமாணம்.

'பிறப்புப் பத்திரம், சூராட் பெரானாக், அசல் இருக்கா?'

'வீட்டுலயே பொறந்தவங்க. பதிய விட்டுட்டாங்க.'

'அப்ப பிறப்பைப் பார்த்த சாட்சி வேணும். மருத்துவச்சி யாரு?'

பாட்டி சிரித்துவிடுகிறார். எழுபது தாண்டியவரிடம், தன்னைப் பிரசவம் பார்த்தவளைக் கூட்டி வா என்கிறார்கள். முகப்பில் இருக்கிற பிள்ளையை நான் திட்டமாட்டேன். அந்தப் பிள்ளைக்குப் பாடம் மனப்பாடம்: கோயில் கடிதம் இரண்டாம்நிலை, சத்தியப் பிரமாணம் சம்பந்தப்பட்டவரே சொல்லிக்கொள்வது, ரிப்போர்ட் கார்டு ஒன்றிலிருந்து பார்த்து எழுதிய இன்னொன்று. எந்தப் பல்கலைக்கழக நூலகரும் மெச்சுகிற கறார். அந்தக் கறார் ஏன் அந்த முகப்போடு நின்றுவிடுகிறது? ஏன் மேடைக்கு ஏறுவதில்லை? டத்தோ சொன்ன நூறு வருஷ ஆட்சிக்கு அசல் கேட்பவர் இல்லை, பேராசிரியரின் ஏழுநாள் பிரசுரத்துக்குச் சாட்சி கேட்பவர் இல்லை. தான் பிறந்ததற்கு மட்டும் பாட்டி சாட்சி கொண்டுவர வேண்டும். 2011-இல் மைடஃப்தார் என்று பெயர் வைத்து, நாளேடுகளில் பெரிதாகப் படம் போட்டு, கார்டு இல்லாத இந்தியர்களைப் பதியவைக்கும் இயக்கம் நடத்தினார்கள். படத்தில் முன்வரிசையில் நின்றவர்கள் யாரும் பிளாஸ்டிக் பையோடு நிற்கவில்லை.

பாட்டி பிறந்ததற்கு ஒரு காகிதச் சாட்சி எங்கோ இருந்திருக்கக்கூடும். தோட்டத்து ஆபீஸில் செக்ரோல் இருந்தது. யார் எந்த நாள் பெரட்டுக்கு வந்தாள், எந்த மாசம் பிள்ளைப்பேறு என்று வேலைக்கு வரவில்லை, சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்று கிராணி கோடு போட்டு எழுதிவைத்திருப்பார். தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் வைத்திருந்த புத்தகம் ஒன்று உண்டு. செமினி, காஜாங் பக்கம் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்களில் இன்றைக்குப் பெயருக்கு முன்னால் 'ஈக்கோ' போட்டுக்கொண்ட தாமான் குடியிருப்புகள் நிற்கின்றன. லயத்தை இடிக்கிறபோது கோயிலை எங்கே மாற்றுவது என்று போராடினோம், பள்ளிக்கூடத்தை எங்கே மாற்றுவது என்று போராடினோம், சரிதான். ஆபீஸ் அலமாரியை யாரும் கேட்கவில்லை.

1957-இல் சுதந்திரம் கொடுத்துவிட்டுப் போன வெள்ளைக்காரர்கள், தங்களுக்கு ஆகாத கோப்புகளை ஐந்து லாரிகளில் ஏற்றி, கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுபோய் உலையில் போட்டு எரித்தார்கள். ரகசியமாகச் செய்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து அவர்கள் நாட்டிலேயே அந்தக் காகிதம் வெளியே வந்தபோதுதான் நமக்கே தெரிந்தது. அயோக்கியத்தனம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தக் காகிதத்துக்கு லாரி வாடகையும் பெட்ரோலும் செலவழிக்கிற அளவுக்கு மதிப்பு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நமக்கு அந்தச் செலவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் செமினியின் எந்தத் தாமானில் நின்றாலும் ஒலிபெருக்கி கட்டிய பழைய பேப்பர் வேன் வரும். 'சூராட் கபார் லாமா! சூராட் கபார் லாமா!' கிராணியாக இருந்த தாத்தா செத்து, வீட்டைப் புதுப்பிக்கிறபோது, மேல்மாடி அறையிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கும். கறுப்பு மையில் கோடு போட்ட பெரிய பெரிய கணக்குப் புத்தகங்கள், 2019-இல் மூடின 'தமிழ் நேசன்' பத்திரிகையின் பழைய கட்டுகள், கயிறு போட்டுக் கட்டின கடிதங்கள். வேன்காரர் தராசில் வைப்பார், கிலோவுக்குச் சில்லறைக் காசு. கூடவே மகன் மாநாட்டு மலர்களையும் ஒரு கட்டு கொண்டுவந்து வைப்பார். வேன்காரர் ஒன்றைத் தூக்கித் தடவிப் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுக்கிவிடுவார்.

'இது பளபளப்புப் பேப்பர், போஸ். இதுக்கு வெல கெடையாது.'